ஆங்கில ‘ஹார்ட்’டைத் தாய்லாந்து மொழியில் எப்படிச் சொல்வது? ‘ஜை’ என்ற சொல்லுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாங்காக்கில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், வரவேற்பு மேசையில் இருந்த அக்காவின் அப்பா ஒருநாள் இறந்துபோனார். வெள்ளை அட்டை ஒன்று வாங்கி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். ஆங்கிலத்தில் ஒருவர் ‘ஹார்ட்’ என்ற சொல்லை வைத்து இரண்டு வரி ஆறுதல் எழுதினார். அதை அக்காவின் மொழியிலும் எழுதினால் நன்றாக இருக்கும் என்று அட்டையை என் பக்கம் தள்ளினார்கள். அகராதியைத் திறந்தேன். ஹார்ட் என்றால் ‘ஹுவா ஜை’ என்று இருந்தது. அதையே எழுதப் போனேன். பக்கத்து மேசை நண்பர் பேனாவை மெதுவாக என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “இது டாக்டர் சொல்ற ஹார்ட். இங்கே இது வேண்டாம்” என்றார்.

அந்த அட்டையில் கடைசியில் என்ன எழுதினோம் என்பதைப் பிறகு சொல்கிறேன். அன்றைக்குப் பிறகு ‘ஜை’ வரும் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வைக்க ஆரம்பித்தேன். சில மாதங்களில் நோட்டு நிறைந்தது. ஆங்கிலத்திலிருந்து நேராகத் தாய்லாந்து மொழிக்குப் போனால் தடுக்கி விழும் இடங்களில், நடுவில் தமிழை வைத்துக்கொண்டால் பாதி வழி தானாகவே திறக்கிறது. அந்த அனுபவத்தைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: ஒலியைப் பிடியுங்கள்

‘ஜை’ என்று நான் எழுதுவது வசதிக்காக மட்டுமே. அந்த மொழியில் நம் ‘ஜ’ கிடையாது. ‘பச்சை’ என்று சொல்லும்போது நடுவில் ஒரு ‘ச்ச’ வருகிறது பாருங்கள், மூச்சு வெளியே வராமல் நாக்கு மட்டும் ஒட்டிப் பிரியும் ஒலி. அதோடு ஐகாரத்தைச் சேர்த்தால் சரியான ‘ஜை’ வந்துவிடும். இந்த ஒலிக்கு ஆங்கிலம் மட்டும் பேசுகிறவர்கள் ரொம்பச் சிரமப்படுவார்கள். நமக்கு அது பிறந்த வீட்டு ஒலி.

அந்த மொழியில் ஐந்து தொனிகள் உண்டு. ஜை நடுத்தொனி. குரலை ஏற்றாமலும் இறக்காமலும் தட்டையாகச் சொல்ல வேண்டும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இதே தொனியில், ஆனால் ‘ச’வோடு மூச்சும் சேர்ந்து வந்தால் அது வெற்றி என்ற சொல்லாகிவிடும். அது வேறொன்றும் இல்லை, நம் ‘ஜெயம்’தான். சமஸ்கிருதத்திலிருந்து அங்கே போய் மூச்சொலி பெற்றுவிட்டது. சையபூம் என்ற மாகாணத்தின் பெயரில் இருப்பதும் அந்த ‘ஜய’தான். எனவே உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துப் பழகுங்கள். கையில் காற்று பட்டால் வெற்றி, படாவிட்டால் மனசு.

எழுதப் பழகுகிறவர்களுக்கு ஒரு செய்தி. அந்த எழுத்தில் ‘ஐ’ ஒலிக்கு இரண்டு குறிகள் உண்டு. அதில் ‘மை முவன்’ என்ற குறியைப் போட்டு எழுதும் சொற்கள் மொத்தமே 20. அவற்றைப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு பாட்டாகவே பாடி மனப்பாடம் செய்கிறார்கள். ஜை அந்த 20-இல் ஒன்று. அந்தக் குறி மெய்யெழுத்துக்கு முன்னால் நிற்கும், நம் ‘கை’யில் கொம்பு முன்னால் நிற்பதைப் போலவே. தாய்லாந்து எழுத்து கம்போடியாவின் பழைய கெமர் எழுத்திலிருந்து வந்தது, கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து வந்தது. ஆகவே இந்த ஒற்றுமைக்குக் காரணம் இருக்கிறது.

இரண்டாம் படி: ஆங்கில வரியில் ‘ஹார்ட்’ என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள்

ஆங்கில ‘ஹார்ட்’ ரொம்பப் பழைய சொல். லத்தீனில் ‘கோர்’, கிரேக்கத்தில் ‘கார்தியா’, சமஸ்கிருதத்தில் ‘ஹ்ருத்’, ‘ஹ்ருதய’ என்று வருபவையெல்லாம் ஒரே வேரின் கிளைகள். தைரியத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘கரேஜ்’ அந்த லத்தீன் ‘கோர்’ வழியாக வந்தது. அதனால் துணிச்சல், நினைவு, இரக்கம், காதல், நடுப்பகுதி எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. நாமும் ஒரு துண்டை எடுத்து வைத்திருக்கிறோமே, “பாடத்தை பைஹார்ட் பண்ணிட்டான்” என்று.

ஆனால் ஆங்கிலத்தில் ஒரு வேலி இருக்கிறது. உணர்ச்சி ஹார்ட்டில், யோசனை ‘மைண்ட்’டில். தாய்லாந்து மொழியில் அந்த வேலி இல்லை. நினைப்பது, முடிவெடுப்பது, புரிந்துகொள்வது, வருந்துவது, நம்புவது எல்லாம் ஜையில்தான் நடக்கும். நம் ‘மனசு’ம் அப்படித்தானே? மனசில் நினைக்கிறோம், மனசு மாறுகிறோம், மனசு வலிக்கிறது, மனசில் பதிகிறது. ஆகவே ஆங்கில வரியைப் படித்ததும் முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். தமிழில் ‘இதயம்’ வருகிறதா, ‘மனசு’ வருகிறதா, ‘நெஞ்சு’ வருகிறதா, ‘நடு’ வருகிறதா என்று கவனியுங்கள். இதயம் வந்தால் பெரும்பாலும் ஹுவா ஜை. மனசு வந்தால் ஜை. நெஞ்சு வந்தால் சில சமயம் ‘ஒக்’, அதாவது மார்பு. நடு என்று வந்தால் ‘ஜை க்லாங்’. நகரின் மையப் பகுதியை ‘ஜை க்லாங் முவாங்’ என்பார்கள். ஒரு கட்டுரையின் சாரம் ‘ஜை க்வாம்’.

சீட்டுக்கட்டுக்கு மட்டும் இந்த வழி உதவாது. நாம் ‘ஆட்டின்’ என்று சொல்லும் சிவப்புச் சீட்டுக்கு அங்கே மனசோடு சம்பந்தமே இல்லை. அதன் பெயர் ‘போ டேங்’. போ என்றால் போதி மரம், டேங் என்றால் சிவப்பு. இஸ்பேடு ‘போ டம்’, கறுப்புப் போதி. அரசிலையின் வடிவத்தை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும்.

மூன்றாம் படி: உடம்பில் இருக்கும் இதயம்

இது எளிது. ஹுவா என்றால் தலை, ஜை என்றால் மனசு. சேர்ந்தால் துடிக்கும் உறுப்பு. இதய நோய் ‘ரோக் ஹுவா ஜை’. ரோக் என்பது நம் ரோகம்தான். மாரடைப்பை ‘ஹுவா ஜை வாய்’ என்பார்கள். நெஞ்சு வலித்தால் ‘ஜெப் நா ஒக்’ என்று சொல்லுங்கள், மார்பு வலிக்கிறது என்று பொருள். அங்கே ஆம்புலன்ஸ் கூப்பிட எண் 1669. பயணம் போகிறவர்கள் இந்த இரண்டையும் போனில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

நெஞ்செரிச்சல் விஷயத்தில் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் அதன் பெயரிலேயே ஹார்ட் இருக்கிறது, எரிவதும் இருக்கிறது. அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி மருந்துக்கடையில் ‘ரோன் ஜை’ என்று சொன்னால், கடைக்காரர் உங்களுக்கு ஏதோ கவலை என்று நினைப்பார். ஏனென்றால் ரோன் ஜை என்றால் பதற்றம், மனம் தவிப்பது. எரிச்சலைச் சொல்ல ‘ஸேப் ரோன் க்லாங் ஒக்’, அதாவது மார்பின் நடுவில் எரிகிறது என்று சொல்ல வேண்டும். இங்கேயும் தமிழ் சரியாக வழிகாட்டுகிறது. நாம் இதய எரிச்சல் என்று சொல்வதில்லையே, நெஞ்செரிச்சல் என்றுதானே சொல்கிறோம்.

இன்னொன்று. ஒருவரைப் பெரிய மனசுக்காரர் என்று பாராட்ட நினைத்து ‘ஹுவா ஜை தோ’ என்று சொல்லிவிடாதீர்கள். அது இதய வீக்கம் என்ற நோயின் பெயர். தாராள மனசுக்கு ‘ஜை க்வாங்’ என்ற சொல் இருக்கிறது. அகன்ற மனம். அதற்கு எதிர் ‘ஜை கேப்’, குறுகிய மனம்.

நான்காம் படி: ஜை முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருக்கிறதென்றால் இதைப் படியுங்கள்.

ஜை முன்னால் வந்து, குணம் அதன் பின்னால் வந்தால், அது பெரும்பாலும் ஆளின் இயல்பு. குணம் முன்னால் வந்து ஜை பின்னால் வந்தால், அது இப்போது மனசில் நடப்பது. ‘டீ’ என்றால் நல்ல. ‘ஜை டீ’ என்றால் நல்ல மனசுக்காரர். ‘டீ ஜை’ என்றால் சந்தோஷமாக இருக்கிறேன். ஒரு பாட்டியைப் பார்த்து ‘ஜை டீ’ என்றால் அவருடைய குணத்தைப் பாராட்டுகிறோம். ‘டீ ஜை’ என்றால் அவர் இப்போது மகிழ்ச்சியாக இருக்கிறார், அவ்வளவுதான்.

‘ரோன்’ என்றால் சூடு. ‘ஜை ரோன்’ என்பவர் பொறுமை இல்லாதவர், சட்டென்று கோபப்படுகிறவர். ‘ரோன் ஜை’ மேலே சொன்ன தவிப்பு. கோபக்காரர் என்று சொல்ல வந்து கவலையில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவோம்.

‘ஓன்’ என்றால் மெது. ‘ஜை ஓன்’ இளகிய மனம், சீக்கிரம் இரங்கிவிடுகிறவர். ‘ஓன் ஜை’ சலிப்பு, “போதும்டா சாமி” என்று உட்கார்ந்துவிடும் நிலை.

‘நோய்’ என்றால் கொஞ்சம். தமிழ்க் காதுக்கு இந்தச் சொல் திடுக்கென்று இருக்கும், ஆனால் நம் நோய்க்கும் இதற்கும் தொடர்பு இல்லை. ‘ஜை நோய்’ என்பவர் எதற்கும் முகம் சுருங்குகிறவர், தொட்டாற்சிணுங்கி. ‘நோய் ஜை’ என்பது, நெருங்கியவர் நம்மைக் கண்டுகொள்ளவில்லையே என்று உள்ளுக்குள் குறைபடுவது. நம் வீட்டில் “என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல” என்று சித்தி முகத்தைத் திருப்பிக்கொள்வாரே, அதுதான் நோய் ஜை. ஆங்கிலத்தில் இதற்கு ஒரே சொல் தேடினால் கிடைக்காது. தமிழில் ‘மனத்தாங்கல்’ கிட்டத்தட்ட பொருந்தும்.

இப்போது அந்த அட்டைக்கு வருகிறேன். ‘ஸியா’ என்றால் கெட்டுப்போவது, இழப்பது. ஹுவா ஜை வேண்டாம் என்று நண்பர் சொன்னதும் நான் அடுத்துச் சொன்னது ‘ஜை ஸியா’. அவர் தலையை ஆட்டினார். ஜை ஸியா என்றால் தைரியம் போய் மனம் தளர்ந்துவிடுவது. பரீட்சை முடிவைப் பார்த்துக் கால் தொய்வது போல. வருத்தத்துக்கு ‘ஸியா ஜை’. அப்புறம் அவரே எழுதினார்: “கோ ஸடேங் க்வாம் ஸியா ஜை.” எங்கள் வருத்தத்தைத் தெரிவிக்கிறோம் என்று பொருள். துக்கம் கேட்கும்போது அந்த நாட்டில் எல்லாரும் சொல்லும் வரி அது. ஆங்கில வரியில் இருந்த ஹார்ட் இங்கே ‘ஹுவா ஜை’யாக வரவில்லை. சொன்னது என்னவோ அதே ஆறுதல்தான்.

‘க்வாம்’ என்பது அதன் பின்னால் வரும் சொல்லைப் பெயர்ச்சொல்லாக்கும். ஸியா ஜை என்றால் வருந்துவது, க்வாம் ஸியா ஜை என்றால் வருத்தம். இந்த ஒரு ஒட்டைத் தெரிந்துகொண்டால் சொல்வளம் இரட்டிப்பாகும்.

முன்பின் விதிக்கு விலக்கு உண்டு. ஜை ஸியாவே ஒரு விலக்குதான். ஜை முன்னால் வந்தும் அது குணத்தைச் சொல்லவில்லை, அந்த நேரத்து நிலையைத்தான் சொல்கிறது. ‘ஹாய்’ என்றால் காணாமல் போவது. ‘ஜை ஹாய்’ என்றால் திடீரென்று நெஞ்சு வெறிச்சோடிப் போவது. பழகின ஒருவர் ஊரைவிட்டுப் போகிறார் என்று கேட்டதும் வருமே, அது. புரட்டிப்போட்டு ‘ஹாய் ஜை’ என்றால்? மூச்சு விடுவது. யோகா வகுப்பில் தினமும் கேட்கும் சாதாரணச் சொல். எனவே விதியை ஊன்றுகோலாக வைத்துக்கொள்ளுங்கள், முழுப் பாரத்தையும் அதன்மேல் போடாதீர்கள்.

ஐந்தாம் படி: மனசு செய்யும் வேலைகள்

வினைச்சொல்லோடு ஜை சேர்ந்தால் மைண்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் இடமும் நிரம்பிவிடும். ‘காவ்’ என்றால் நுழைவது. ‘காவ் ஜை’ என்றால் புரிகிறது. சொன்னது மனசுக்குள் நுழைந்துவிட்டது. ‘மை காவ் ஜை’ என்றால் புரியவில்லை. அந்த ஊரில் முதல் வாரத்தில் நீங்கள் அதிகம் சொல்லப்போவது இதைத்தான்.

‘தங் ஜை’ மனசை நிறுத்துவது, அதாவது கவனம் வைப்பது, வேண்டுமென்றே செய்வது. ‘ஸொன்’ என்றால் ஊசியில் நூல் கோப்பது. ‘ஸொன் ஜை’ என்றால் ஒன்றில் ஆர்வம் கொள்வது. ‘தத் ஸின் ஜை’ முடிவெடுப்பது. ‘ப்லியன் ஜை’ மனம் மாறுவது. ஆங்கிலத்தில் மைண்ட் மாறுவதற்கு ஒரு தொடர், ஹார்ட் மாறுவதற்கு வேறொரு தொடர் என்று பிரித்துச் சொல்வார்கள். இங்கே இரண்டுக்கும் பெரும்பாலும் ப்லியன் ஜை போதும். ‘தொக்’ விழுவது, ‘தொக் ஜை’ திடுக்கிடுவது. ‘ஹென்’ பார்ப்பது, ‘ஹென் ஜை’ இன்னொருவர் கஷ்டத்தை உணர்வது. ‘வை’ என்றால் வைப்பது. ஆமாம், ஒலியும் பொருளும் நம் ‘வை’ போலவே இருக்கும், தற்செயல்தான். ‘வை ஜை’ என்றால் ஒருவர்மேல் நம்பிக்கை வைப்பது.

மனப்பாடமாகச் சொல்வது ‘ஜம் குன் ஜை’. நினைவு மனசின் மேல் ஏறிவிட்டது. ‘குன்’ என்பதில் வரும் உகரத்தை உதடு குவிக்காமல் சொல்ல வேண்டும், ‘பாட்டு’ என்பதன் கடைசிக் குற்றியலுகரம் போல. நம் பைஹார்ட்டும் இவர்களின் இந்தத் தொடரும் ஒரே இடத்தில் சந்திப்பதைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அதாவது, டீ ஜை.

முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறவரை ‘ஸோங் ஜித் ஸோங் ஜை’ என்பார்கள். இரண்டு சித்தம், இரண்டு மனசு. ஒரே மனசாக ஒருவரையே நேசிக்கிறவர் ‘ஜை டியாவ்’. பல பேர்மேல் மனசு வைக்கிறவர் ‘லாய் ஜை’.

ஃபேஸ்புக்கில் ‘லைக்’ பொத்தானுக்குத் தாய்லாந்து மொழியில் என்ன பெயர் தெரியுமா? ‘தூக் ஜை’. மனசுக்குப் பிடித்தது.

ஆறாம் படி: காலை வாரும் சொற்கள்

மனம் உடைந்துபோனேன் என்று சொல்ல வேண்டும். ‘தேக்’ என்றால் உடைவது. ஆகவே ‘ஜை தேக்’ என்று நினைப்போம். அந்தச் சொல் இருக்கிறது, பொருள்தான் வேறு. வழிதவறிப்போன இளம் பிள்ளைகளை, குறிப்பாகப் பெண் பிள்ளைகளை, பெரியவர்கள் பழித்துச் சொல்லும் சொல் அது. காதலில் தோற்ற ஒரு தோழியைப் பற்றி இதைச் சொன்னால் அவர் மனம் இரண்டாவது முறையும் உடையும். காதல் முறிவுக்கு ‘ஒக் ஹக்’, மார்பு முறிந்தது. இன்னும் ஆழமான துயரத்துக்கு ‘ஜை ஸலாய்’, மனம் சிதறிப்போனது.

மனசு சொல்வதைக் கேள் என்ற பொருளில் ‘தாம் ஜை’ என்று சொல்லக் கூடாது. அது “உன் இஷ்டம்” என்றோ, செல்லம் கொடுப்பது என்றோ ஆகும். ‘தம் தாம் ஹுவா ஜை’ என்று சொன்னால் சரி. இதில் முதலில் வரும் ‘தம்’ மூச்சொலியோடு வரும், செய்வது என்று பொருள். ‘தம் ஜை’ என்று தனியாக ஒரு சொல்லும் உண்டு: நடந்துபோனதை ஏற்று மனசைத் தேற்றிக்கொள்வது. நம் எழுத்தில் இவை ஒன்றுபோலத் தெரிந்தாலும் காதில் வேறு வேறு. ஆகவே இவற்றை எழுதி வைத்துப் படிப்பதைவிட, பேசக் கேட்டுப் பழகுவதே மேல்.

தமிழும் சில இடங்களில் ஏமாற்றும். ‘யென்’ என்றால் குளிர்ச்சி. “உன்னைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துபோச்சு” என்று நாம் மகிழ்ச்சியைச் சொல்வோம். அங்கே ‘ஜை யென்’ என்றால் நிதானம், பொறுமை. போக்குவரத்து நெரிசலில் ஹாரன் அடிக்கிறவரைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவர் “ஜை யென் யென்” என்பார். நாம் “கொஞ்சம் பொறுங்க” என்று சொல்வது போல. அதே மாதிரி ‘ஜை கேங்’, கெட்டியான மனம், எப்போதும் கொடுமை ஆகாது. அழாமல் உறுதியாக நிற்பதையும் அது குறிக்கும். கல் மனசுக்கு ‘ஜை ஹின்’ இருக்கிறது, ஹின் என்றாலே கல். இரக்கமே இல்லாதவர் ‘ஜை டம்’, கறுத்த மனம்.

இங்கே தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. தமிழ் என்பதற்குத் தாய்லாந்து மொழியில் ‘தமின்’. நம் மொழிக்கு ‘பாஸா தமின்’ என்பதுதான் வழக்கமான பெயர், அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதே சொல்லுக்குக் கொடிய, இரக்கமற்ற என்ற பொருளும் அங்கே வழங்குகிறது. ‘ஜை தமின்’ என்றால் கொடூர மனம். 1992 மே மாதம் பாங்காக்கில் மக்கள்மீது நடந்த துப்பாக்கிச்சூட்டை அவர்கள் ‘ப்ருத்ஸபா தமின்’, அதாவது கொடிய மே என்றுதான் குறிப்பிடுகிறார்கள். முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு மனசு வலித்தது. பிறகு விசாரித்ததில், பேசுகிறவர் யாரும் அந்த நேரத்தில் நம்மை நினைத்துச் சொல்வதில்லை என்று தெரிந்தது. ஸீலோம் சாலையில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்குத் தாய்லாந்து மக்கள்தான் மாலையும் தேங்காயும் ஏந்தி வரிசையில் நிற்கிறார்கள். செய்தித்தாளில் இந்தச் சொல்லைப் பார்த்தால் பதறாதீர்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஏழாம் படி: அகராதியில் அடங்காத இரண்டு

‘க்ரெங் ஜை’. ஆங்கிலத்தில் இதை விளக்க ஒரு பத்தி வேண்டும். தமிழில் ஒரு காட்சி போதும். விருந்துக்குப் போன வீட்டில், “இன்னொரு தோசை வைக்கட்டுமா?” என்று கேட்கிறார்கள். பசி இருக்கிறது. ஆனால் அடுப்படியில் அந்த அம்மா வியர்த்துப்போய் நிற்பதைப் பார்த்து, “போதும்மா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்” என்கிறோம். அந்த ‘எதுக்குச் சிரமம்’தான் க்ரெங் ஜை. பயம் இல்லை, வெட்கம் மட்டும் இல்லை, அடுத்தவருக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்ற எண்ணம். அலுவலகத்தில் இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் கஷ்டம். “முடியுமா?” என்று கேட்டதற்கு ஒருவர் தயங்கிக்கொண்டே “முடியும்” என்றால், அது க்ரெங் ஜையாக இருக்கலாம். தனியாக, வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள். விருந்தாளியிடம் “மை தோங் க்ரெங் ஜை” என்றால் “சங்கோஜப்படாதீங்க” என்று அர்த்தம்.

இரண்டாவது ‘நம் ஜை’. நம் என்றால் தண்ணீர். மனசின் தண்ணீர். கேட்காமலே உதவுவது, மழையில் நனைகிறவருக்குக் குடையை நீட்டுவது. ஆங்கிலத்தில் இதற்குப் பெருந்தன்மை என்ற பொருளில் சொற்கள் இருக்கின்றன, ஆனால் தண்ணீர் இல்லை. தமிழில் இருக்கிறது: நெஞ்சில் ஈரம். உதவாதவரை நாம் “ஈரம் இல்லாதவன்” என்போம். அவர்கள் ‘லேங் நம் ஜை’ என்பார்கள், மனசின் தண்ணீர் வற்றி வறட்சி வந்துவிட்டது என்று. இந்த ஒரு சொல்லை ஆங்கிலம் வழியாகப் படித்திருந்தால் எனக்குப் பாதிதான் கிடைத்திருக்கும்.

எட்டாம் படி: உயர்ந்த நடை, நெருங்கிய நடை

பாட்டிலும் அரண்மனை வழக்கிலும் ஜைக்குப் பதில் வடசொற்களும் பாலிச் சொற்களும் வரும். ‘ஹதை’, ‘ஹரூதை’ இரண்டும் நம் இதயம், இருதயம்தான். தமிழ்நாட்டில் திரு இருதய ஆலயம் என்கிறோம், அங்கே கத்தோலிக்கர்கள் ‘ப்ரா ஹரூதை’ என்கிறார்கள். ‘கமொன்’ என்றால் தாமரை, நம் கமலம். கவிதையில் அதுவே மனசு. ‘ஜித்’ சித்தம், அதையும் ஜையையும் சேர்த்து ‘ஜித் ஜை’ என்றால் உள்ளம். ‘ஸத்தா’ என்பது பக்தி, நம் சிரத்தை. ‘மனோ’வை மட்டும் இளைஞர்கள் வேறு வழியில் இழுத்துப் போய்விட்டார்கள். இணையத்தில் ஒருவரை “மனோ” என்றால், இல்லாததைக் கற்பனை பண்ணிக்கொள்கிறார் என்று பொருள்.

காதலுக்கு ‘டுவங் ஜை’ இருக்கிறது. டுவங் என்பது நிலா, நட்சத்திரம் போல வட்டமாக ஒளிர்பவற்றை எண்ணும் சொல். கண்ணே, கண்மணி என்று நாம் கொஞ்சும் இடத்தில் அதை வைக்கலாம். ‘வான் ஜை’, இனிய மனசு, காதலியையோ காதலனையோ குறிக்கும். ‘சுத் ஹுவா ஜை’ என்றால் முழு மனசோடு. காதல் பேச்சில் ஹுவா ஜை தாராளமாக வரும், அங்கே அது டாக்டரின் சொல் இல்லை.

நன்றி சொல்வதிலும் ஜை உண்டு. பொதுவாக ‘கொப் குன்’ என்று சொல்லுங்கள், யாருக்கும் பொருந்தும். ‘கொப் ஜை’ என்பது பெரியவர் சின்னவருக்கோ, நெருங்கியவர் ஒருவருக்கொருவரோ சொல்வது. கடைக்காரரிடமோ மேலதிகாரியிடமோ நீங்கள் சொன்னால் மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். எல்லை தாண்டி லாவோஸுக்குப் போனால் நிலைமை வேறு, அங்கே எல்லாருக்கும் அதுதான் நன்றி.

பழகும் முறை பற்றி ஒரே ஒரு யோசனை. சொற்பட்டியலை வரிசையாக நெட்டுருப் போடாதீர்கள். நோட்டில் நடுவில் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் ஜை முன்னால் வரும் சொல், வலப்பக்கம் அதையே புரட்டிப்போட்டது என்று சோடி சோடியாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே உங்களுக்குத் தெரிந்த ஒரு ஆளின் பெயரையோ, ஒரு நாள் நடந்ததையோ தமிழில் குறித்து வையுங்கள். என் நோட்டில் ‘ஜை ரோன்’ என்பதற்குக் கீழே என் மாமா பெயர் இருக்கிறது. ‘ஸியா ஜை’க்குக் கீழே அந்த வெள்ளை அட்டையின் தேதி இருக்கிறது.

காரியமெல்லாம் முடிந்து பத்து நாள் கழித்து அக்கா வேலைக்குத் திரும்பினார். அட்டையைத் தன் கணினியின் ஓரத்தில் சாய்த்து வைத்திருந்தார். காபி எடுக்கப் போகும் வழியில் என்னை நிறுத்தி, என் முழங்கையைத் தொட்டு, “கொப் ஜை நா” என்றார். எப்போதும் என்னிடம் ‘கொப் குன்’ என்றுதான் சொல்வார்.